சீட்டெடுத்து வானேறும் காலம்

திருகோணமலைக்கு வருவோர் எவராயினும் சுவாமி மலையின் உச்சிக்கு ஏறி, இராவணன் வெட்டின் ஓரத்தில் நின்று, கீழே குமுறும் கடலை ஒரு முறையேனும் எட்டிப் பாராமல் திரும்புவதில்லை. தாயின் வழிபாட்டுக்காகக் கோயிலையே பெயர்த்துச் செல்ல முயன்ற இலங்கை வேந்தனின் வாள் பட்ட வடு அது என்று ஐதிகம் கூறும். அதே வேந்தன் புட்பக விமானத்தில் ஏறி வான வீதியில் உலா வந்தான் என்பதும் நம் பிள்ளைகள் பாட்டிமார் வாயிலாகக் கேட்டறிந்த கதையே. ஆகவே, வானத்தில் ஏறிப் போய்வர வேண்டும் என்னும் ஆசை இந்த ஊருக்குப் புதியதன்று.

சென்ற பாடசாலை விடுமுறையில் ஒரு மாலைப்பொழுது நாம் அவ்விடத்தில் நின்றுகொண்டிருந்தோம். உடன் வந்தவன் நம் தங்கையின் மகன். பத்தாந் தரத்தில் படிப்பவன். மற்றவர்கள் எல்லாரும் கடலைப் பார்த்துக்கொண்டு நிற்க, அவன் மட்டும் முதல் வெள்ளி முளைக்கும் வானத்தையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"மாமா, காசு கட்டினால் இப்போது விண்வெளிக்குப் போய்வரலாமாம். எங்களைப் போன்ற ஆட்கள் போகிற காலம் வருமா?" என்று கேட்டான்.

அது விளையாட்டுக் கேள்வியன்று என்பது நமக்குத் தெரியும். வீட்டிலே அவனுக்கு ஓர் உண்டியல் உண்டு. அதன்மேல் 'விண்வெளி' என்று எழுதி ஒட்டியிருக்கிறான். சாதாரண தரப் பரீட்சை முடிந்ததும் கணிதப் பிரிவிலே சேரவேண்டும் என்பது அவன் விருப்பம். வர்த்தகப் பிரிவே விரைவில் உத்தியோகம் தரும் என்பது அவன் தாயின் எண்ணம். "ஆகாயத்திலே கோட்டை கட்டுகிறான். நீங்களாவது எடுத்துச் சொல்லுங்கோ அண்ணை" என்று நம்மிடம் முறையிட்டிருந்தாள். பொய் சொல்லி அவனை மகிழ்விக்கவும் மனமில்லை; ஏளனம் செய்து அவன் ஆசையைக் கிள்ளிவிடவும் மனமில்லை. உள்ளதை உள்ளபடி சொல்வதே முறையென்று துணிந்தோம். அன்று அவனுக்குச் சொன்னவற்றையும், மறுநாள் காலையில் நாமே கற்றுக்கொண்டதையும் வாசகர்களுக்கும் எடுத்துரைக்க விரும்புகிறோம்.

கடலடியில் கோயில் கண்டவர்

விண்வெளிப் பிரயாணத்தைப் பற்றிப் பேசுவதற்கு நாம் நெடுந்தூரம் செல்லவேண்டியதில்லை. நின்ற இடத்திலிருந்து கீழே பார்த்தாலே போதும். பதினேழாம் நூற்றாண்டின் முற்பகுதியில் போர்த்துக்கேயர் கோணேசர் ஆலயத்தை இடித்துத் தகர்த்தபோது, தூண்களும் கற்களும் அந்தப் பாறையடியில் கடலுள் வீழ்ந்தன. 1956 ஆம் ஆண்டில் இரு ஆங்கிலேயர் அக்கடலில் மூழ்கி, செதுக்கிய தூண்கள் நீருக்கடியில் கிடக்கக் கண்டனர். ஒருவர் மைக் வில்சன். மற்றவர் ஆதர் சி. கிளார்க்.

கிளார்க் யாரென்பதை விஞ்ஞானம் பயிலும் மாணவர்க்கு நாம் சொல்லத் தேவையில்லை. பூமத்திய ரேகைக்கு மேலே ஏறக்குறைய 36,000 கிலோமீற்றர் உயரத்தில் ஒரு கலம் சுற்றினால், அது பூமியோடு ஒத்துச் சுழன்று ஒரே இடத்தில் நிற்பதுபோல் தோன்றும். அத்தகைய மூன்று கலங்கள் இருந்தால் உலகம் முழுவதற்கும் செய்தி அனுப்பலாம் என்று 1945 ஆம் ஆண்டிலேயே எழுதியவர் அவர். 1956 ஆம் ஆண்டு முதல் இலங்கையையே தம் இல்லமாகக் கொண்டு, 2008 மார்ச் 19 ஆம் திகதி கொழும்பிலே காலமானார். மொறட்டுவையில் அவர் பெயரால் ஒரு தொழினுட்ப நிறுவனம் இன்றும் இயங்குகிறது.

விண்வெளியைப் பற்றி எழுதுபவர் கடலில் மூழ்குவானேன் என்று கேட்கத் தோன்றும். நீருக்குள்ளே உடல் மேலெழாமலும் அமிழாமலும் மிதக்கும்போது பாரமே தோன்றாது. விண்வெளியில் பாரமற்று மிதக்கும் அனுபவத்துக்கு மண்ணுலகில் கிட்டிய உவமை அதுவே என்பதனாலேயே அவர் கடலுக்குள் இறங்கினார். இன்றும் அமெரிக்க விண்வெளி வீரர்கள் ஹூஸ்டன் நகரில் 12 மீற்றர் ஆழமுள்ள மாபெரும் நீர்த் தொட்டியிலே மூழ்கித்தான் விண்ணில் செய்யும் வேலைகளைப் பயில்கிறார்கள். பிற்காலத்தில் நோயினாற் கால்கள் தளர்ந்து சக்கர நாற்காலியில் வாழ நேர்ந்த கிளார்க்குக்கு, நீருக்குள்ளே மட்டும் அத்தளர்ச்சி பெரிதாகத் தோன்றவில்லை.

1961 ஆம் ஆண்டு ஏப்பிரல் 12 ஆம் திகதி யூரி ககாரின் முதன்முதலாகப் பூமியைச் சுற்றி வந்தார். அதே ஆண்டின் இறுதியில் அவர் இலங்கைக்கும் வருகை தந்தார். அவ்வாண்டிலேயே கிளார்க் சந்திரத் தூளின் வீழ்ச்சியைப் பற்றி ஒரு நாவல் வெளியிட்டார். சந்திரனிலே தூளால் நிறைந்த ஒரு கடல். அதன்மேல் உல்லாசப் பிரயாணிகளை ஏற்றிச் செல்லும் ஒரு படகு. நிலம் நடுங்கியதால் அப்படகு பிரயாணிகளோடு தூளுக்குள் அமிழ்ந்துவிடுகிறது. அவர்களை மீட்பது எவ்வாறு? இதுவே கதை. 1966 ஆம் ஆண்டில் உருசியரின் லூனா 9 சந்திரனில் மெல்ல இறங்கி, நிலம் உறுதியானதே என்று காட்டியது. தூட்கடல் பொய்த்தது. ஆனால், பணம் கொடுத்து ஏறியவர்கள் ஆபத்தில் அகப்பட்டால் மீட்பவர் யார் என்று அக்கதை எழுப்பிய வினா பொய்க்கவில்லை. அதற்குப் பின்னர் வருவோம்.

பணம் கட்டிப் போனவர்கள்

தம் சொந்தப் பணத்தைக் கொடுத்து விண்வெளி நிலையத்துக்குச் சென்ற முதல் மனிதர் டெனிஸ் டிட்டோ என்னும் அமெரிக்கச் செல்வர். 2001 ஏப்பிரல் 28 ஆம் திகதி, தமது 60 ஆவது வயதில், உருசியரின் சோயுஸ் கலத்தில் ஏறி, ஏறக்குறைய எட்டு நாட்கள் விண்ணில் இருந்து திரும்பினார். அவர் கொடுத்த தொகை ஏறத்தாழ 2 கோடி அமெரிக்க டொலர் என்று சொல்லப்பட்டது. டொலர் ஒன்றுக்கு 300 ரூபா என்று வைத்துக் கணக்கிட்டால் அது 600 கோடி ரூபாவாகும். 2001 முதல் 2009 வரை இவ்வாறு எழுவர் சென்றனர். அவருள் ஒருவர் இருமுறை சென்றார். 2006 இல் சென்ற அனூஷே அன்சாரி, ஈரானிலே பிறந்த பெண்மணி.

அடுத்த அலை 2021 இல் எழுந்தது. அவ்வாண்டு யூலை 11 இல் ரிச்சட் பிரான்சன் தமது நிறுவனத்தின் கலத்திலும், யூலை 20 இல் ஜெப் பெசோஸ் தமது நிறுவனத்தின் கலத்திலும் விண்ணின் விளிம்பைத் தொட்டுத் திரும்பினர். பெசோஸுடன் சென்றவர்களில் ஒருவர் 82 வயது மூதாட்டி. இன்னொருவர் 18 வயது இளைஞர். செப்டெம்பரில் படைவீரரோ தொழில்முறை விண்வெளி வீரரோ அல்லாத நால்வர் மூன்று நாட்கள் பூமியைச் சுற்றி வந்தனர். அவருள் ஒருவரான ஹேலி ஆர்சினோ, சிறுவயதிலே எலும்புப் புற்றுநோயிலிருந்து மீண்டு, காலில் செயற்கை எலும்போடு வாழ்பவர்.

நம் அயலவரும் இதிற் சேர்ந்துள்ளனர். விஜயவாடாவிலே பிறந்த கோபி தோட்டக்கூரா 2024 மே 19 ஆம் திகதி பெசோஸ் நிறுவனத்தின் கலத்தில் ஏறி, இந்தியாவின் முதல் விண்வெளி உல்லாசப் பிரயாணி என்னும் பெயரைப் பெற்றார். 2025 யூனில் சுபான்ஷு சுக்லா விண்வெளி நிலையத்துக்குச் சென்றதும் ஒரு தனியார் நிறுவனம் ஒழுங்குசெய்த பிரயாணத்திலேதான். ஆயினும் அவருடைய கட்டணத்தைச் செலுத்தியது இந்திய அரசாங்கம். அவர் சென்றது உல்லாசத்துக்காக அன்று, ஆராய்ச்சிக்காக.

பத்து நிமிடமும் பத்து நாளும்

விண்வெளிப் பிரயாணம் என்று பத்திரிகைகள் பொதுவாகச் சொல்வதில் இரண்டு வேறுபட்ட பிரயாணங்கள் அடங்கும். இதைப் பிரித்தறிதல் அவசியம்.

கடல் மட்டத்துக்கு மேல் 100 கிலோமீற்றர் உயரத்தை விண்ணின் எல்லையாக உலகிற் பலரும் கொள்வர். அமெரிக்கர் 80 கிலோமீற்றரையே எல்லையாகக் கொள்வர். 100 கிலோமீற்றர் என்பது திருகோணமலையிலிருந்து அநுராதபுரத்துக்குள்ள தூரமே. அவ்வளவு உயரம் ஏறி உடனே திரும்புவது முதல்வகைப் பிரயாணம். வானை நோக்கி எறிந்த கல் மேலே சென்று, சற்றுத் தயங்கி, கீழே வீழ்வதை ஒத்தது அது. பெசோஸ் நிறுவனத்தின் கலம் புறப்பட்டு இறங்குவதற்குப் பத்துப் பதினொரு நிமிடம் போதும். அதற்குள் மூன்று நான்கு நிமிடம் உடல் பாரமற்று மிதக்கும். பூமியின் வளைவையும், பட்டப்பகலிலே கரிய வானத்தையும் காணலாம்.

இரண்டாவது வகை, பூமியைச் சுற்றுவது. விண்வெளி நிலையம் ஏறக்குறைய 400 கிலோமீற்றர் உயரத்தில் சுற்றுகிறது. உயரத்தை மட்டும் பார்த்தால் நான்கு மடங்குதானே என்று தோன்றும். ஆனால், சுற்றிக்கொண்டே இருக்க வேண்டுமாயின் மணிக்கு ஏறத்தாழ 28,000 கிலோமீற்றர் வேகம் வேண்டும். விளிம்பைத் தொட்டு மீளும் கலத்தின் வேகத்தைப்போல் அது ஏழெட்டு மடங்கு. வேகம் இரட்டித்தால் அதற்கு வேண்டிய சக்தி நான்கு மடங்காகும் என்பதை மாணவர்கள் அறிவர். அவ்வாறாயின், ஏழெட்டு மடங்கு வேகத்துக்கு ஐம்பது மடங்கும் அதற்கு மேலும் சக்தி வேண்டும். திரும்பும்போது அந்தச் சக்தி அனைத்தும் காற்றோடு உராய்ந்து வெப்பமாக வெளிப்பட வேண்டும்.

கட்டணத்தில் மலைக்கும் மடுவுக்குமுள்ள வேறுபாடு இருப்பதன் காரணம் இதுவே. பிரான்சன் நிறுவனம் 2021 இல் அறிவித்த கட்டணம் 4,50,000 டொலர். மேற்சொன்ன கணக்கின்படி 13 கோடியே 50 இலட்சம் ரூபா. விண்வெளி நிலையத்துக்கு 2022 இல் சென்ற மூவர் தலைக்கு ஏறத்தாழ 5 கோடியே 50 இலட்சம் டொலர் செலுத்தினர் என்று செய்திகள் வந்தன.

இந்தத் தொகைகளைக் கேட்ட மருமகன் விரல்விட்டு எண்ணத் தொடங்கி, இடையிலேயே நிறுத்திக்கொண்டான். உண்டியலை நினைத்தான் போலும்.

கட்டணம் குறையுமா?

"ஆகாய விமானமும் முதலிலே செல்வருக்குத்தானே இருந்தது? இப்போது எல்லாரும் போகிறார்களே" என்று அவன் வாதிட்டான். நியாயமான வாதமே. 1947 டிசெம்பர் 10 ஆம் திகதி எயார் சிலோன் விமானம் இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்கு முதன்முதலாகப் பறந்தபோது, அதில் ஏறும் வசதி எத்தனை குடும்பங்களுக்கு இருந்தது? இன்று கூலிவேலைக்கு மத்திய கிழக்கு நாடுகளுக்குச் செல்வோரும் விமானத்திலேயே செல்கின்றனர்.

ஆயினும், ஒன்றைக் கவனித்தல் வேண்டும். விமானம் மனிதரை ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்குக் கொண்டு சென்றது. தபாலைச் சுமந்தது, பண்டங்களைச் சுமந்தது, நோயாளியையும் வியாபாரியையும் மாணவனையும் சுமந்தது. தேவை பெருகியதால் விமானங்கள் பெருகின. விமானங்கள் பெருகியதால் கட்டணம் குறைந்தது. விண்ணின் விளிம்பைத் தொடும் கலமோ புறப்பட்ட இடத்திலேயே, அல்லது அதன் அருகிலேயே, இறங்கிவிடுகிறது. காட்சிக்காக மட்டுமே ஏறுவோரை நம்பி அது வாழவேண்டும்.

இதுவரை நடந்ததும் அதனையே காட்டுகிறது. பிரான்சன் நிறுவனம் தொடக்கத்தில் 2,00,000 டொலருக்குச் சீட்டு விற்றது; பின்னர் 2,50,000 ஆயிற்று; 2021 இல் 4,50,000 ஆயிற்று. பல ஆண்டு காலத்தில் விலை ஏறியதேயன்றி இறங்கவில்லை. 2005 ஆம் ஆண்டிலே சீட்டு வாங்கிய ஜோன் குட்வின் என்னும் பிரித்தானியர் 2023 ஓகஸ்ட் 10 ஆம் திகதியே விண்ணேறினார். அப்போது அவருக்கு வயது 80. நடுக்குவாத நோயும் பற்றியிருந்தது.

இதைவிட நீண்ட காத்திருப்பும் உண்டு. 1968 ஆம் ஆண்டில் கிளார்க்கும் திரைப்பட நெறியாளர் ஸ்டான்லி குப்ரிக்கும் சேர்ந்து கதை அமைத்த '2001' என்னும் படம் வெளிவந்தது. அதிலே பான் அமெரிக்கன் விமானக் கம்பெனியின் சின்னம் பொறித்த விண்கலம் ஒன்று பிரயாணியை ஏற்றிச் செல்லும். அக்காலத்தில் அக்கம்பெனி உண்மையிலேயே சந்திரப் பிரயாணத்துக்குப் பெயர் பதிந்து அட்டை வழங்கியது. 93,000 பேருக்கு மேல் பதிந்தனர். 1991 இல் கம்பெனியே மூடப்பட்டது. அட்டைகள் மட்டும் பெட்டிகளில் எஞ்சின. ஜப்பானியச் செல்வர் ஒருவர் 2018 இல் அறிவித்த சந்திரனைச் சுற்றும் பிரயாணமும் 2024 யூனில் கைவிடப்பட்டது.

கிளார்க் வேறொரு வழியையும் காட்டினார். 1979 இல் வெளிவந்த அவரது நாவலொன்றில், சிவனொளிபாத மலையை நினைவூட்டும் ஒரு சிகரத்திலிருந்து விண்ணுக்கு ஒரு தூக்கி எழுப்பப்படுகிறது. கதையின் வசதிக்காக இலங்கையையே பூமத்திய ரேகைக்குத் தள்ளிவைத்தார். மின்சக்தியில் ஏறும் தூக்கி அமைந்தால் செலவு மிகமிகக் குறையும் என்பது கணக்கு. ஆனால், அவ்வளவு நீளத்துக்கு அத்தகைய பலமுள்ள கயிறு செய்யும் வித்தை இன்னும் மனிதருக்குக் கைவரவில்லை.

இவ்வளவையும் கேட்டு முகம் வாடி நின்றவனுக்கு ஓர் ஆறுதலும் சொன்னோம். முன்னர் கூறிய குட்வினோடு அதே கலத்தில் ஏறிய மற்ற இரு பிரயாணிகளும் தாயும் மகளுமாவர். கிரிக்கெற் வீரர் விவியன் ரிச்சட்ஸ் பிறந்த அன்ரிகுவாத் தீவினர். அறப்பணிக்காக நடந்த ஒரு குலுக்கலில் தாய்க்கு இரு இடங்கள் கிடைத்தன. மகள் 18 வயதுப் பல்கலைக்கழக மாணவி, பௌதிகம் பயில்பவள். நம் தீவைவிடச் சிறிய தீவொன்றிலிருந்து அவர்கள் சென்று வந்தார்கள். அவன் முகம் சற்று மலர்ந்தது. ஆனால், "குலுக்கலை நம்பியா படிப்பைத் தெரிவது?" என்று அவனே சொல்லிக்கொண்டான்.

தலை எண்ணும் படகோட்டி

மறுநாட் காலை உப்புவெளிக் கரையிலிருந்து திமிங்கிலம் பார்க்கப் படகேறினோம். வாடைக்காற்று ஓய்ந்து கீழ்க்கரைக் கடல் அடங்கியிருக்கும் மாதங்களில், திருகோணமலைக்கு அப்பால் ஆழ்கடலில் நீலத் திமிங்கிலங்கள் தோன்றுவதுண்டு. கரையை அடுத்தே கடல் மிக ஆழமாகச் சரிந்து செல்வதால் அவற்றைத் தேடி நெடுந்தொலைவு செல்லவேண்டியதில்லை. அதைக் காணப் பணம் கட்டி வருவோர் பலர்.

படகோட்டி ஐம்பது வயது மதிக்கத்தக்கவர். ஏறியவர்களை விரலால் சுட்டி எண்ணினார். எட்டுப் பேர். மிதவைச் சட்டை அணிய மறுத்த ஒருவரைப் பார்த்து, "ஐயா, இதைப் போடும்வரை படகு கரையை விட்டு எழும்பாது" என்றார். அதட்டவும் இல்லை, கெஞ்சவும் இல்லை. பின்னர், கரையில் நின்ற இளைஞனிடம் எட்டு என்று சொல்லி, எந்தத் திக்குக்குப் போகிறோம், எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்பதையும் சொல்லிவிட்டுத்தான் இயந்திரத்தை முடுக்கினார்.

நடுக்கடலிலே மருமகன் கேட்டான்: "இயந்திரம் நின்றுபோனால் என்ன செய்வீர்கள், ஐயா?"

"தம்பி, நான் கடலுக்கு வரும்போதே அடுத்த படகு எங்கே நிற்கிறது என்று பார்த்துவைப்பேன். அது தெரியாமல் ஆட்களை ஏற்றக்கூடாது."

இந்த ஒரு வாக்கியத்தில் விண்வெளி உல்லாசப் பிரயாணத்தின் முழுச் சிக்கலும் அடங்கியிருக்கக் கண்டோம். அங்கே அடுத்த படகு எங்கே நிற்கிறது?

அமெரிக்காவின் விண்வெளி ஓடங்கள் 1981 முதல் 2011 வரை 135 முறை பறந்தன. இரண்டு அழிந்தன, 14 பேர் மாண்டனர். 1986 சனவரி 28 இல் புறப்பட்ட 73 விநாடியில் சிதைந்த சலெஞ்சரில் கிறிஸ்டா மக்கோலிவ் என்னும் பள்ளி ஆசிரியையும் இருந்தார். விண்ணிலிருந்து மாணவருக்குப் பாடம் நடத்தச் சென்றவர் அவர். 135 இல் இரண்டு என்பது சிறிய எண்ணாகத் தோன்றலாம். உப்புவெளியிலிருந்து நாளொன்றுக்கு இரண்டு படகு புறப்பட்டு, மாதத்துக்கு ஒன்று திரும்பாமற் போனால், நம்மில் எவர் குழந்தைகளோடு ஏறுவோம்?

தனியார் கலங்களுக்கும் விபத்து நேர்ந்திருக்கிறது. பிரான்சன் நிறுவனத்தின் கலம் ஒன்று 2014 ஒக்டோபர் 31 இல் பரிசோதனையின்போது சிதைந்து, துணை விமானி ஒருவர் இறந்தார். பெசோஸ் நிறுவனத்தின் கலம் 2022 செப்டெம்பரில் பழுதுபட்டபோது, ஆளில்லாத அறை தானே பிரிந்து பத்திரமாக இறங்கியது. அப்பொறிமுறை தக்க சமயத்தில் வேலை செய்தது. 2024 யூனில் எட்டு நாட் பிரயாணமாகச் சென்ற சுனிதா வில்லியம்சும் அவர் தோழரும், தம் கலத்தில் ஏற்பட்ட பழுதினால் ஒன்பது மாதத்துக்கு மேல் விண்வெளி நிலையத்தில் தங்கி, 2025 மார்ச்சில் வேறொரு கலத்திலே திரும்பினர். அவர்களுக்கு அடுத்த படகு இருந்தது. எல்லாப் பிரயாணத்துக்கும் அது இருக்கும் என்று சொல்வதற்கில்லை.

சட்டம் என்ன சொல்கிறது? அமெரிக்காவில் 2004 இல் இயற்றப்பட்ட சட்டத்தின்படி, பிரயாணி ஆபத்துகளை அறிந்து, சம்மதித்துக் கையொப்பமிட்டால் போதும். கலத்தில் ஏறுவோரின் பாதுகாப்புக்கென விதிகள் இயற்ற அரசாங்கத்துக்கு இடைக்காலத் தடையும் விதிக்கப்பட்டது; அத்தடை பலமுறை நீடிக்கப்பட்டு, 2024 இல் மீண்டும் 2028 தொடக்கம்வரை நீடிக்கப்பட்டது. புதிய தொழில் வளரட்டும் என்பது அதற்குச் சொல்லப்படும் காரணம். ஆனால், கடல் நமக்கு வேறொரு பாடத்தையும் கற்பித்துள்ளது. 2023 யூன் 18 இல் டைட்டானிக் கப்பலின் சிதைவைக் காணப் பணம் கட்டியவர்களோடு இறங்கிய டைட்டன் என்னும் நீர்மூழ்கி, அழுத்தம் தாங்காது நொறுங்கி, அதிலிருந்த ஐவரும் மாண்டனர். அவருள் ஒரு தந்தையும் அவரது 19 வயது மகனும் இருந்தனர். அந்தக் கலத்தைச் சுயாதீனமான எந்த நிறுவனமும் பரிசோதித்துச் சான்றளித்திருக்கவில்லை. அவர்களும் ஆபத்தை அறிந்து கையொப்பமிட்டவர்களே. கையொப்பம் பிரயாணிக்கு மிதவைச் சட்டை ஆகுமா?

கரையில் நிற்பவர்களுக்கு என்ன பயன்?

செல்வர் சிலர் வானேறி வருவதால் கரையில் நிற்கும் நமக்கு என்ன வந்தது என்று கேட்பார் உண்டு. கேட்கவேண்டிய கேள்வியே. ரொக்கட்டுகள் சில கக்கும் புகைக்கரி, மழை பெய்து கழுவாத உயரத்திலே ஆண்டுக்கணக்கில் தங்கக்கூடியது என்று விஞ்ஞானிகள் எச்சரிக்கின்றனர். பிரயாணங்கள் சிலவாக உள்ளவரை அதுவும் சிறிதே. பலவாக ஆனால் ஏறாதவரும் அதன் விலையைக் கொடுக்க நேரும்.

அதேவேளை, விண்வெளி நமக்கு அந்நியமானதும் அன்று. 2020 டிசெம்பர் 2 ஆம் திகதி புரெவிச் சூறாவளி திருகோணமலைக்கு வடக்கே கரையேறியது. அதன் வரவை முன்கூட்டியே காட்டியவை வானிலைச் செய்மதிகள். நம் படகோட்டியின் கையிலிருந்த சிறு கருவி, நடுக்கடலிலே அவர் நிற்குமிடத்தைச் சொன்னதும் செய்மதிகளின் உதவியினாலேதான். 2019 யூன் 17 ஆம் திகதி, மொறட்டுவை நிறுவனத்தின் இளம் பொறியியலாளர் இருவர் ஜப்பானியப் பல்கலைக்கழகமொன்றின் துணையோடு உருவாக்கிய, ஏறக்குறைய ஒரு கிலோகிராம் எடையுள்ள செய்மதி விண்வெளி நிலையத்திலிருந்து விடப்பட்டது. அதற்கு இட்ட பெயர் இராவணா 1. சுவாமி மலையில் வடு வைத்தவன் பெயரே வானிலும் சுற்றியது.

நம் தீவு இன்னொரு வகையிலும் இக்கதையிற் சேர்ந்துள்ளது. சிறீஹரிக்கோட்டாவிலிருந்து தென்துருவம் நோக்கிச் செல்லும் இந்திய ரொக்கட்டுகள் நேரே தெற்கே பறந்தால் இலங்கையின்மேற் செல்ல நேரும். ஆகையால் முதலில் தென்கிழக்காகச் சென்று, வங்கக் கடலின்மேல் வளைந்து, பின்னரே தெற்கு நோக்குகின்றன. அந்த வளைவுக்காக எரிபொருள் வீணாகிறது. சிறிய ரொக்கட்டுகளாவது நேரே செல்லட்டும் என்றுதான் தூத்துக்குடி மாவட்டத்துக் குலசேகரன்பட்டினத்தில் புதிய ஏவுதளத்துக்கு 2024 பெப்ரவரி 28 இல் அடிக்கல் நாட்டப்பட்டது. கரையிலே நிற்கும் மக்களின் தலைமேல் ஆபத்து வீழக்கூடாது என்பதற்காக ஒரு ரொக்கட்டு சுற்றி வளைந்து போகிறது. அந்தக் கவலை ஏறுகின்ற பிரயாணிக்கும் உரியதாகும் நாளே, விண்வெளிப் பிரயாணம் குடும்பங்களுக்கு உரியதாகும் நாள்.

மருமகனின் முடிவு

அன்று திமிங்கிலம் ஒன்று நெடுந்தூரத்தில் நீரைப் பீச்சியடிக்கக் கண்டோம். முதுகின் ஒரு பகுதி எழுந்து மறைந்தது. அவ்வளவே. ஆயினும் அந்தச் சில விநாடிகளில் படகிலிருந்த எட்டுப் பேரும் வாய்பேசாது நின்றோம். கிட்டாத ஒன்றைக் கண்ணாற் காணும் ஆசையை ஏளனம் செய்தல் தகாது என்று அப்போது நமக்குத் தோன்றியது. ஐந்து நிமிட வானத்துக்காகத் தன் செல்வத்தைக் கொடுப்பவனை நாம் பழிப்பதற்கில்லை.

கரை சேர்ந்ததும் படகோட்டி மீண்டும் விரல் நீட்டி எண்ணினார். அவர் எண்ணுவதற்கு முன்பே, பின்புறம் நின்ற மருமகன் மெல்லிய குரலில் எண்ணி முடித்துவிட்டான்.

வீடு திரும்பும் வழியில் அவனுக்கு நம் விடையைச் சொன்னோம். விளிம்பைத் தொட்டு மீளும் பிரயாணம் அவன் ஆயுளுக்குள் இன்னும் பலருக்குக் கிட்டலாம். ஆனால், நம்மைப் போன்ற குடும்பங்கள் சீட்டெடுத்துப் பூமியைச் சுற்றிவரும் காலத்துக்கு நாம் திகதி குறித்துச் சொல்ல முடியாது. உண்டியலை நம்பி அதற்குக் காத்திருத்தல் அறிவுடைமையாகாது என்றோம்.

அவன் சிறிது நேரம் பேசாமல் நடந்தான். பின்னர், "மாமா, படகை ஓட்டுகிறவருக்கும் அதைப் பழுது பார்க்கிறவருக்கும் சீட்டு வேண்டாந்தானே?" என்று கேட்டான்.

அன்றிரவு தங்கையிடம் நாம் பேசினோம். கணிதப் பிரிவு கடினமானதுதான். உத்தியோகம் உறுதி என்று எவரும் எழுதிக் கொடுக்க முடியாது. அது வர்த்தகப் பிரிவுக்கும் பொருந்தும் என்றோம். அவள் உடனே இணங்கிவிடவில்லை. பரீட்சைப் பெறுபேறு வரட்டும், பார்ப்போம் என்றாள். உண்டியலோ அதே இடத்தில் இருக்கிறது. அதன் மேலிருந்த எழுத்தை மட்டும் அவன் மாற்றியிருக்கிறான். இப்போது 'புத்தகம்' என்று இருக்கிறது.